தீட்டு வேறு, கிருமி வேறு
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் காய்கறியின் தூய்மையைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். பள்ளியின் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்போர் அவ்வாறு எண்ணமாட்டார்கள். மழைக்காலம் தொடங்கியதும் வயிற்றுப்போக்கு, வாந்தி, விடாத காய்ச்சல் எனக் காரணம் காட்டும் விடுப்புக் கடிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதை ஆசிரியராகிய நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். பத்து நாள் வராத பிள்ளை பின்னக் கணக்கை இழக்கிறது. பின்னக் கணக்கை இழந்த பிள்ளை அடுத்த வகுப்பில் விகிதத்தை இழக்கிறது. இறுதியில் அதற்குப் படிப்பு ஏறவில்லை என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. ஏறாதது படிப்பன்று, வயிற்றில் ஏறியது கிருமி. ஆகவே இதுவும் கல்வியைப் பற்றிய பேச்சே ஆகும்.

தீட்டு என்னும் பொய்

தூய்மை என்னும் சொல்லைக் கேட்டதும் நம் மக்களின் நெஞ்சில் ஒரு வடு வலிக்கும். அச்சொல்லைக் கொண்டுதான் நம்மை ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள். தொட்டால் தீட்டு, நிழல் பட்டால் தீட்டு, நம் குடம் பட்டால் கிணறே தீட்டு என்றார்கள். அத்தகைய மக்களிடம் தூய்மையைப் பற்றிப் பேச வருபவர் முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்தியாக வேண்டும். தீட்டு வேறு, அசுத்தம் வேறு.

1927ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆம் நாள், அண்ணல் அம்பேத்கர் மகாராட்டிரத்தின் மகத் நகரிலே சவுதார் குளத்தில் இறங்கி, ஆயிரக்கணக்கான தோழர்களுடன் நீர் அருந்தினார். அதன் பின்னர் அவ்வூர் உயர்சாதியினர் செய்தது என்ன? பசுஞ்சாணம், கோமியம், பால், தயிர் ஆகியவற்றைக் கலந்து 108 குடங்களில் எடுத்து, மந்திரம் ஓதி, அந்தக் குளத்திலேயே கொட்டினார்கள். குளம் தூய்மையாகிவிட்டது என்று அறிவித்தார்கள். மனிதன் கை பட்ட நீர் அழுக்காம். சாணம் கொட்டிய நீர் சுத்தமாம்! உருப்பெருக்கிக் கருவி ஒன்று அன்று அக்குளக்கரையில் இருந்திருப்பின், சாணத்துடன் வந்த குடல் கிருமிகளைத்தான் அது காட்டியிருக்கும். தீட்டைக் காட்டியிராது, ஏனெனில் அப்படி ஒரு பொருள் உலகில் இல்லை.

வெகுதூரம் போவானேன்? 2022ஆம் ஆண்டு மே மாதம் நம் ஆம்பூரிலே பிரியாணித் திருவிழா நடத்த ஏற்பாடாயிற்று. அதில் மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடமில்லை என்ற செய்தி வந்தது. மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. விழாவும் தள்ளிவைக்கப்பட்டது. எந்த உணவு ஏற்றது, எது ஏலாதது என்பதைச் சாதியின் கண்கொண்டு பார்த்தால் ஒரு விடை கிடைக்கும். அறிவியலின் கண்கொண்டு பார்த்தால் முற்றிலும் வேறு விடை கிடைக்கும். கொதித்துத் தளதளவென்று வெந்த இறைச்சியில் நோய்க்கிருமி பெரும்பாலும் பிழைத்திருக்க இயலாது. அப்பிரியாணியின் பக்கத்தில் வைக்கும் வெங்காயத் தயிர்ப் பச்சடியிலோ, சரியாகக் கழுவாத கொத்தமல்லித் தழையிலோதான் அது உயிரோடு அமர்ந்திருக்கும். ‘சைவம்’ என்பதால் ஓர் உணவு சுத்தமாகிவிடாது. ‘அசைவம்’ என்பதால் அசுத்தமாகிவிடாது.

கிருமி என்னும் மெய்

கிருமிக்குச் சாதி தெரியாது. அக்கிரகாரமும் சேரியும் அதற்கு ஒன்றே. ஆயின் அது வாழ்வதற்கு மூன்று வேண்டும்: ஈரம், இளஞ்சூடு, காலம். இம்மூன்றையும் நம் மக்களைவிட நன்கறிந்தவர் யாருமில்லை என்றே சொல்வோம். பச்சைத் தோல் வந்து இறங்கியதும் உப்பைத் தடவி அடுக்குகிறீர்களே, ஏன்? உப்பு தோலின் ஈரத்தை வாங்கிவிடுகிறது. ஈரமின்றிக் கிருமி பெருகுவதில்லை. உப்பிடாத தோலைக் கோடை வெயிலில் ஒரு நாள் போட்டுவைத்தால் என்னவாகும்? நாற்றமெடுக்கும், தொட்டால் மயிர் தானே கழன்று வரும், பிறகு அத்தோல் விலை போகாது. நுண்ணுயிரியல் என்று கல்லூரியில் புத்தகம் போட்டுப் படிக்கும் கல்வியை நம் முன்னோர் கையால் கற்றிருந்தார்கள். அந்தக் கல்வியைத் தோலுக்குப் பயன்படுத்துகிறோம். சோற்றுக்கும் பயன்படுத்த வேண்டாமா?

மாணவர்களுக்காக ஒரு கணக்கு. ஏற்ற சூடும் ஈரமும் கிடைத்தால் குடல் கிருமி ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிளக்கும். ஒரு மணி நேரத்தில் ஒன்று எட்டாகும். காலை 6 மணிக்கு அரைத்த சட்டினியில் ஒரே ஒரு கிருமி இருந்தது என்று கொள்வோம். பிற்பகல் 1 மணிக்கு அதனைத் தொட்டுக்கொள்ளும்போது 21 முறை பிளந்திருக்கும். 2ஐ 21 முறை பெருக்கிப் பாருங்கள்: 20,97,152. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நாக்குக்கும் பெரும்பாலும் தெரியாது. நாற்றமடித்தால்தான் கெட்டது என்னும் எண்ணம் இங்கே பயன்படாது. நோய் தரும் கிருமிகள் பல, நாற்றம் தருவதில்லை.

வயல் முதல் வாணலி வரை

செடியிலே விளைந்த காயில் மனிதக் குடலின் கிருமி எவ்வாறு ஏறியது? அது நடந்து வரும் வழியைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதற்படி வயல். நகரத்துச் சாக்கடை சுத்திகரிக்கப்படாமல் கால்வாயிலும் ஆற்றிலும் விழுகிறது. அந்நீர் பாய்ந்த தோட்டத்தில் தரையை ஒட்டி வளரும் கீரை, கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி ஆகியவற்றில் மலக்கிருமி ஒட்டிக்கொள்கிறது. நன்கு மக்காத எருவும் அதனையே செய்கிறது.

இரண்டாம் படி கழுவுதல். கீரைக்கட்டின் சேற்றைப் போக்க அருகிலுள்ள குட்டையிலோ வாய்க்காலிலோ முக்கி எடுக்கின்றனர். சேறு போகிறது, கிருமி சேர்கிறது.

மூன்றாம் படி சந்தை. வெயிலில் வாடாதிருக்க நாள் முழுதும் வாளித் தண்ணீரைத் தெளிக்கிறார்கள். அவ்வாளி நீர் எங்கிருந்து வந்தது? அதில் எத்தனை கைகள் நனைந்தன? சாக்குப் பையை விரித்துத் தரையில் பரப்பிய காயின்மேல் ஈ மொய்க்கிறது. பக்கத்தில் சாக்கடை தேங்கி நிற்கிறது. விற்கும் அம்மையாருக்கு அவசரம் வந்தால் ஒதுங்கக் கழிப்பிடம் இல்லை. வந்து கை கழுவக் குழாயும் இல்லை. இது அவர் குற்றமன்று என்பதை மனத்தில் இருத்துங்கள்; பின்னர் இதற்கு வருவோம்.

நான்காம் படி நம் அடுக்களை. மீன் அரிந்த அரிவாள்மனையிலேயே வெள்ளரிக்காய் அரிவது, கழுவாத காயை அப்படியே நறுக்குவது, நறுக்கிய பின்னர்க் கழுவுவது ஆகியவை இங்கே நேரும் பிழைகள். மேல்தோலில் இருந்த கிருமியைக் கத்தியே உள்ளே கொண்டு சேர்த்துவிடுகிறது.

இக்கேடு ஏழை நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. 2011ஆம் ஆண்டு செருமனி நாட்டில் ‘ஈ. கோலை’ என்னும் குடல் கிருமியின் கொடிய வகை ஒன்று பரவியது. ஏறத்தாழ 4,000 பேர் நோயுற்றனர். 50க்கு மேற்பட்டோர் மாண்டனர். தேடிப் பார்த்ததில் பச்சையாக உண்ணப்பட்ட வெந்தய முளையே காரணம் எனத் தெரிந்தது. நம் அஞ்சறைப் பெட்டியில் உள்ள அதே வெந்தயந்தான். தாளித்து வேகவைத்தால் மருந்து; ஈரத்தில் முளைகட்டிப் பச்சையாக உண்டபோது நஞ்சாயிற்று.

நம் ஊர்ச் சான்று

நம் பகுதிக்கு இதில் தனிக் கவலை உண்டு. 1992ஆம் ஆண்டின் இறுதியில் காலரா நோயின் புதிய வகையொன்று தமிழ்நாட்டில் தலைகாட்டியது. ‘ஓ 139’ என்று அறிஞர் அதற்குப் பெயரிட்டனர். வேலூரிலும் அது கண்டறியப்பட்டது. பின்னர் வங்கம் வரை பரவியது. 2017 முதல் 2020 வரை இந்திய நகரங்கள் சிலவற்றில் பிள்ளைகளிடையே டைபாய்டு காய்ச்சலைக் கணக்கெடுத்தனர். வேலூரில் ஆண்டொன்றுக்கு 1 இலட்சம் பிள்ளைகளில் 1,000 பேருக்கு மேல் அந்நோய் கண்டது. அதாவது நூறு பிள்ளைக்கு ஒரு பிள்ளை. தண்ணீரும் உணவுமே அதற்கு வழி.

2009இல் தொடங்கிய பன்னாட்டு ஆய்வொன்றில் எட்டு நாட்டுக் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்தனர். அவ்விடங்களுள் ஒன்று வேலூர். கிறித்தவ மருத்துவக் கல்லூரியார் இங்கே அதனை நடத்தினர். அது உணர்த்திய செய்தியைப் பெற்றோர் ஒவ்வொருவரும் அறிய வேண்டும். வயிற்றுப்போக்கு வெளிப்படையாகத் தோன்றாத நாளிலும், குடலில் தங்கும் சில கிருமிகள் குழந்தையின் வளர்ச்சியைக் குறைக்கின்றன. பிள்ளை ஓடுகிறது, ஆடுகிறது, நலமாக இருப்பதாக நாம் எண்ணுகிறோம். உள்ளே ஊட்டிய உணவைக் கிருமி பங்கு கேட்டுக்கொண்டிருக்கிறது.

நம் முன்னோர் இதையெல்லாம் பார்த்தார்களா, அவர்கள் கல்லாக வாழவில்லையா என்று சிலர் கேட்பர். பிழைத்தவர்தாம் இவ்வாறு பேச முடிகிறது. பேதியில் மாண்ட பச்சிளங் குழந்தைகள் எழுந்துவந்து சாட்சி சொல்வதில்லை. அக்காலத் தாய் ஒருத்தி எத்தனை பெற்றாள், எத்தனை தங்கியது என்பதைப் பாட்டிமாரிடம் கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் செய்ய வேண்டுவன

இதைக் கேட்டு அஞ்சி, கீரையையும் காயையும் கைவிட வேண்டா. சோகை நீங்கவும், கண்ணொளி நிலைக்கவும், உடல் தேறவும் அவை இன்றியமையாதவை. வேலூர் முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் மண்ணின் பெருமை அது. உண்போம்; அறிந்து உண்போம்.

முதலாவது, கையைச் சோப்பிட்டு, விரலிடுக்கும் நகக்கண்ணும் உட்பட, இருபது எண்ணும் வரை தேய்த்துக் கழுவுங்கள். மலம் கழித்த பின்னும், குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பின்னும், சமைக்கும் முன்னும், உண்ணும் முன்னும் இது வேண்டும். தோல் தொழிற்சாலையில் வேலை செய்வோர்க்கு இது இருமடங்கு கடமை. சுண்ணாம்பும் சல்பைடும் குரோம் உப்பும் பட்ட கையோடு சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கலாகாது.

இரண்டாவது, காயை நறுக்குமுன் கழுவுங்கள். கீரைக்கட்டைக் கட்டோடு முக்காமல் பிரித்து, வெளி இலையையும் அழுகியதையும் நீக்கி, அலசுங்கள். தண்ணீர் அரிதான ஊர் நம்முடையது என்பது எமக்குத் தெரியும். இரு பாத்திரம் போதும். முதற்பாத்திரத்தில் மண்ணைப் போக்குங்கள். பின்னர்க் குடிநீரை மேலிருந்து ஊற்றி அலசுங்கள். மிஞ்சும் நீர் செடிக்கு ஆகும். மஞ்சளும் உப்பும் கலந்த நீர் புழுவை நீக்கும். கிருமியை முற்றிலும் கொல்லும் என்று நம்பியிருக்க வேண்டா.

மூன்றாவது, வேகவையுங்கள். உணவின் நடுப்பகுதியிலும் 70 பாகை சூடு ஏறினால் பெரும்பாலான நோய்க்கிருமிகள் மாயும். பச்சையாக உண்ணும் வெங்காயம், வெள்ளரி, தக்காளி, கொத்தமல்லி ஆகியவற்றில்தான் முழுக்கவனம் தேவை. வீட்டில் கைக்குழந்தையோ, கருவுற்ற பெண்ணோ, முதியவரோ இருந்தால் அவர்களுக்குப் பச்சையாகத் தருவதைத் தவிர்ப்பது நன்று. தெருவோரம் நறுக்கித் திறந்து வைத்த பழத்துண்டைப் பிள்ளைக்கு வாங்கித் தராதீர்கள். முழுப்பழமாக வாங்கி, வீட்டில் கழுவி அரிந்து கொடுங்கள்.

நான்காவது, சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியில் விடாதீர்கள். சட்டினியை வேளைக்கு அரையுங்கள். பழைய சோற்றுக்கு ஊற்றும் நீர் காய்ச்சி ஆறிய நீராக இருக்கட்டும். மீனும் இறைச்சியும் அரிந்த கருவியைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே காயைத் தொடுங்கள்.

ஐந்தாவது, இத்தனைக்கும் மீறிப் பேதி கண்டால் குழந்தையைப் பட்டினி போடாதீர்கள். 1971ஆம் ஆண்டு வங்கதேச அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பு, சர்க்கரை கலந்த நீரைக் கொண்டே காலரா மரணங்களை வெகுவாகக் குறைத்துக் காட்டினார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பொட்டலம் இலவசமாகக் கிடைக்கிறது. கிடைக்காத வேளையில், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து சிறுகச் சிறுகக் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் செல்லுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆயின் தோல் கழிவின் உப்பும் உலோகமும் போகா. பாலாற்றங்கரையில் ஏறத்தாழ 35,000 எக்டர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழ்பட்டதை 1996 ஆகஸ்டு 28இல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் எடுத்துரைத்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்றும் கூறியது. ஆகவே நிறம் மாறிய, உவர்த்த கிணற்று நீரைக் காய்ச்சிவிட்டால் போதும் என்று எண்ணிவிட வேண்டா. அதற்கு ஆய்வுக்கூடச் சோதனை வேண்டும்.

ஊரில் கேட்க வேண்டுவன

வீட்டில் செய்வதோடு கடமை தீர்ந்ததா? இல்லை. பெண்கள் சரியாகக் கழுவவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போவது எளிது. அது நீதியன்று. குழாயில் நீர் வராத தெருவில் கழுவச் சொல்வது எவ்வளவு பொருந்தும்? கழிப்பிடம் இல்லாத சந்தையில் கை சுத்தத்தைப் பற்றிப் போதிப்பது எவ்வளவு பொருந்தும்?

சந்தையில் குழாயும், கழிப்பிடமும், ஓடும் சாக்கடையும், காயை வைக்க உயர்ந்த மேடையும் அமைப்பது உள்ளாட்சியின் கடமை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011இல் நடைமுறைக்கு வந்தது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளுக்கே இடம் தருகிறது. அவர்களிலே பெண்களுக்கும் நம் மக்களுக்கும் இடம் உண்டு. அக்குழு நம் ஊரில் கூடுகிறதா என்று கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, நம் குடியிருப்பின் குடிநீர் கடைசியாக எந்நாளில் சோதிக்கப்பட்டது, முடிவு யாது என்று எழுதிக் கேளுங்கள். கிராமமாயின் கிராம சபையில் எழுந்து கேளுங்கள்.

இதனைப் பிறர் நமக்காகக் கேட்கமாட்டார்கள். 2022ஆம் ஆண்டு டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், நம் மக்கள் குடியிருப்புக்குரிய மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலந்திருந்தது தெரியவந்தது. பிள்ளைகள் நோயுற்று மருத்துவமனைக்குச் சென்றபோது தண்ணீரைப் பாருங்கள் என்று சொல்லப்பட்டது. அதன் பின்னரே தொட்டியைத் திறந்து பார்த்தனர். நம் தொட்டியை நாமே காக்கவும், நம் நீரை நாமே சோதிக்கக் கேட்கவும் வேண்டியிருக்கிறது.

மற்றொன்றையும் மறவற்க. சந்தையைக் கூட்டுபவரும், சாக்கடையைத் தோண்டுபவரும் பெரும்பாலும் நம் உடன்பிறப்புகளே. அசுத்தம் செய்பவர் எல்லோரும். அதனை அள்ளுபவர் மட்டும் நம்மவர். கையுறையும், காலணியும், முறையான ஊதியமும் அவர்களுக்குக் கிடைக்கும்வரை சந்தை தூய்மையாகிவிட்டது என்று நாம் ஒப்புக்கொள்ளலாகாது.

இளைஞர்களே! இவ்வெள்ளி விழா ஆண்டில் நம் கழகம் இரண்டு செயல்களை மேற்கொள்ளலாம் என்பது எமது கருத்து. ஒன்று, மாலைப் பாடசாலையின் வாயிலில் ஒரு குழாயும் ஒரு சோப்பும். உள்ளே வரும் பிள்ளை ஒவ்வொன்றும் கை கழுவி வரட்டும். மற்றொன்று, படித்த இளைஞர் ஐவர் கொண்ட குழு. மாதம் ஒருமுறை சந்தைக்குச் சென்று, குழாய் உண்டா, கழிப்பிடம் திறந்திருக்கிறதா, சாக்கடை ஓடுகிறதா எனக் குறிப்பெடுத்து, வியாபாரிகளின் கையொப்பத்துடன் நகராட்சிக்கு எழுதட்டும். இரண்டுக்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை.

வள்ளுவப் பெருந்தகை ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதில் மருந்துச் சரக்கைவிட உணவையே பெரிதும் பேசினார். உண்ணும் முறை அறிந்தால் மருந்து வேண்டியதில்லை என்பது அவர் கண்ட உண்மை. தீட்டு என்ற பொய்யை நம் முன்னோர் நெடுங்காலம் சுமந்தார்கள். அதனை இறக்கி வைக்கக் கற்பித்தார் அண்ணல். கிருமி என்ற மெய்யை அறிந்து, வீட்டிலும் ஊரிலும் அதனை வெல்லும் பொறுப்பு நம்முடையது. விடுப்புக் கடிதம் குறைந்து, நம் பிள்ளைகள் வகுப்பில் அமர்ந்திருக்கும் நாள்கள் பெருகட்டும். கழகம் பொன்விழாக் காணும் நாளில் அப்பிள்ளைகள் இம்மேடையில் நின்று பேசட்டும்.